நாலாவது மூலை

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. இரும்புச் சட்டத்தின் மேல் வைத்த அலுமினிய ஷீட்டின் மூன்று மூலைகள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. நாலாவது மூலை கட்டைவிரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை அமுக்கினால் எதிர் மூலை எழும்பியது.

வரைந்தவன் நான்தான். அலை மாதிரி வளைந்த ஒரு வாசல் கூரை. கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் மூன்று வாரம் உட்கார்ந்து, நீளத்தில் 18, அகலத்தில் 8 என்று கட்டம் கட்டமாகப் பிரித்து 144 ஷீட் எடுத்திருந்தேன். திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. நாலு புள்ளி கொடுத்தால் நடுவில் ஏதோ ஒரு பரப்பை இழுத்து ஒட்டிவிடும் அந்த மென்பொருள். அது தட்டையா, முறுக்கியதா என்று தானாகச் சொல்லாது. கேட்டால் சொல்லும். கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

பட்டறை அண்ணாச்சி பீடியைக் கீழே போட்டுவிட்டு, "மக்கா, முக்காலி ஆடிப் பாத்திருக்கியா? நாலு காலு ஸ்டூலுதான் ஆடும்" என்றார்.

மூன்று புள்ளிகள் எப்படிக் கிடந்தாலும் ஒரே தளத்தில் அடங்கும், நாலாவது தன்னிஷ்டத்துக்கு நிற்கும். பிளஸ் டூவில் இதே கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வெக்டர் பெருக்கல் எல்லாம் மனப்பாடம். அது ஒரு ஷீட்டின் மூலை என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. அன்று ராத்திரி, மூன்று மூலைகள் வழியாக ஒரு தளம் போட்டு, நாலாவது அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்தேன். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிவப்பு. பாதிக்கு மேல் சிவந்துவிட்டது.

எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டிவிடலாம் என்றதற்கு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. நாலு கம்பி சேரும் இடத்தில் ஆறு சேர வேண்டும், வெட்டும் கூடும், கழிவும் கூடும். நியாயம்தான்.

அப்போதுதான் சின்ன வயதில் அக்கானி (பதநீர்) குடித்த ஓலைப்பட்டை ஞாபகம் வந்தது. பனையோலையை மடித்து, கோட்டி, முனையைக் கட்டினால் சொட்டுக்கூட ஒழுகாது. ஆனால் அதே ஓலையை என்ன செய்தாலும் சிரட்டை மாதிரிக் குழிய வைக்க முடியாது, கிழிந்துவிடும். அலுமினிய ஷீட்டும் அப்படித்தான். இழுக்காமல், கிழிக்காமல் எப்படி வளைத்தாலும் ஒரு பரப்பின் ஒருவகை வளைவு மாறாது என்று 1827-இல் கணித மேதை கவுஸ் நிறுவினார். அந்தத் தேற்றத்தை நான் முதலில் படித்தது ஆங்கிலத்தில், புரிந்தது ஓலையில்.

தீர்வு கிடைத்தது ஈர்க்கிலில். ஒரு ஈர்க்கிலை வளைத்து மேசையில் குத்தினேன். இன்னொன்றை வளைத்து, திருப்பாமல் சாய்க்காமல், முதலாவதன் மேல் அப்படியே நகர்த்திக்கொண்டு போனேன். இப்படிப் பிறக்கும் பரப்பில் ஒவ்வொரு கட்டமும் இணைகரம். எதிர்ப் பக்கங்கள் இணையாக இருப்பதால் நாலு மூலையும் ஒரே தளத்தில் வந்தே தீரும். பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் நீர்யானைகளின் வீட்டுக் கண்ணாடிக் கூரையும் இந்த வித்தைதான் என்று பிறகு தெரிந்தது. என் கூரையையும் அப்படியே திருப்பி வரைந்தேன், அதில் ஒரு ஓரத்து முறுக்கு மட்டும் போய்விட்டது. அந்தக் கோபத்தில் ஆர்க்கிடெக்ட் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதெல்லாம் மென்பொருளில் அளவுகளை மாற்றும் ஸ்லைடரைத் தொடும் முன்னால், என்ன நடக்கும் என்று காகிதத்தில் கிறுக்கி வைக்கிறேன். பிறகு ஓட்டிப் பார்க்கிறேன். பாதி நேரம் தப்பாகத்தான் போகிறது, அதுவும் பரப்பின் எந்தப் பக்கம் வெளி, எந்தப் பக்கம் உள் என்பதில் இன்றும் சறுக்குகிறேன்.

கூரை ஏறிய நாளில் ஒரே ஒரு ஷீட் கொஞ்சம் தூக்கியது. லேப்டாப்பைத் திறக்கப் போனேன். "மூடி வை மக்கா, இது உன் கணக்கு இல்ல, என் வெல்டிங்" என்று சொல்லி அண்ணாச்சி ஒரு வாஷரைச் செருகினார்.