வீட்டுத்திட்ட வீடும் நீட்டி இழுத்த வயரும்

போருக்குப் பின் வீட்டுத்திட்டங்களில் கட்டப்பட்ட வன்னி வீடுகளுக்குப் பலர் இப்போது குசினியும் குளியலறையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். மேசன் வேலைக்குத் தேர்ந்த ஆளைத் தேடுபவர்கள், வயரிங்கை மட்டும் அறிமுகமான யாரிடமோ விட்டுவிடுவது எனக்கு விளங்காத சிக்கனம். மின்குமிழுக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்தே பிளக் எடுத்து 2000 வாட் கேத்திலைப் பொருத்தினால், 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் ஓடும். இறுக்கமற்ற மூட்டு அந்தச் சுமையில் சுவருக்குள்ளேயே சூடேறிக் காப்புறையை உருக்கிவிடும்.

அதைவிட அஞ்சவேண்டியது எர்த், அதாவது கசியும் மின்னை நிலத்துக்குள் அனுப்பும் இணைப்பு, சரியாக இல்லாமற்போவது. கோடையில் நிலம் வறண்டு வெடிக்கும்போது, மண்ணில் அடித்த எர்த் கம்பியின் தடை கூடுகிறது. அது 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் மோட்டரின் உடலில் மின் கசிந்தாலும் 5 அம்பியருக்குக் குறைவாகவே ஓடும், 16 அம்பியர் பிறேக்கர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது, மோட்டரைத் தொடுபவருக்குத்தான் அது தெரியவரும். அவ்விடத்தில் உயிர் காப்பது, 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிட்ச். மாரியில் அடிக்கடி விழுகிறது என்று அதையே விலக்கி நேராக இணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் (அதற்குக் கூலி வேறு!). பெரும்பாலும் எங்கோ ஈரம் ஏறிய மூட்டைத்தான் அது காட்டித் தருகிறது.

புதிய அறையின் வயரிங்கைத் தகுதிபெற்ற மின்னியலாளர் சோதித்த பிறகே பூச்சு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பூசிய பின் பழுதைத் தேடுவதற்குச் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.