சாக்ஸின் குதிகால்: 32 கண்ணி 18 ஆகும் இடம்

சாக்ஸ் பின்னுகிறவர்கள் பாதியில் தூக்கிப் போடுவது பெரும்பாலும் குதிகால் வந்ததும்தான். அதுவரை சுற்றிச் சுற்றிப் போன குழாய், அங்கே முழங்கை மாதிரி மடங்க வேண்டும். நிட்டிங்கில் இதைவிட அழகான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மடங்குவதற்கு ஆவது வெறும் 14 வரிசை.

நூல் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் கலந்த மெல்லிய சாக்ஸ் நூலாக இருக்கட்டும். நைலான் இல்லாவிட்டால் முதலில் ஓட்டை விழுவது குதிகாலில்தான். சுமார் 400 மீட்டர் வரும் 100 கிராம் உருண்டை ஒரு ஜோடிக்குப் போதும். 2.5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) வந்தால், 64 கண்ணிக்கு 20 செ.மீ. சுற்றளவு. 22 செ.மீ. சுற்றளவுள்ள பாதத்துக்கு இதுதான் சரி. காலின் அளவுக்கே பின்னினால் ஷூவுக்குள் சுருண்டுகொள்ளும்.

கணுக்கால் வந்ததும் மேல்பாதத்துக்கான 32 கண்ணிகளைச் சும்மா விட்டுவிட்டு, மற்ற 32இல் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை. நேர்ப்பக்கத்தில் ஒன்றைப் பின்னாமல் நகர்த்தி, அடுத்ததை நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னும் சாதாரணப் பின்னல்) செய்து, இப்படியே மாற்றி மாற்றி. உள்பக்கத்தில் முதல் கண்ணியை நகர்த்திவிட்டு மீதியெல்லாம் பர்ல், அதாவது நூலை முன்னால் வைத்துப் பின்னும் நிட்டின் மறுபுறம். நகர்த்தும்போது நூல் எப்போதும் உள்பக்கமாகவே ஓட வேண்டும். நேர்ப்பக்கம் வந்துவிட்டால் குறுக்குக் கோடுகள் தெரியும். அப்படி ஓடும் நூல்தான் அந்த இடத்தைத் தடிமனாக்குகிறது. இரண்டு ஓரங்களிலும் 16 சங்கிலிக் கண்ணிகள் நிற்கும்.

இனித் திருப்பம். 18 நிட், அடுத்த இரண்டை இடப்பக்கம் சாயும்படி ஒன்றாக்கி, 1 நிட், வரிசை முடியாமலே துணியைத் திருப்புங்கள். ஊசியில் இன்னும் 11 கண்ணி பின்னாமல் இருக்கும், இருக்கட்டும். ஒன்றை நகர்த்தி, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், 1 பர்ல், மறுபடி திருப்புங்கள். இப்போது ஊசியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். திரும்பிய இடத்தில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விழுந்திருக்கும். இனி எண்ணவே வேண்டாம். முதல் கண்ணியை நகர்த்தி, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சேர்த்து, மேலும் ஒன்று பின்னித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் பழைய இடைவெளி மூடி, இரண்டு கண்ணி தள்ளிப் புதியது திறக்கும். கடைசி இரண்டு வரிசைகளில் சேர்த்த பிறகு பின்ன ஒன்றும் மிச்சம் இருக்காது, அதுதான் கணக்கு. ஊசியில் 18 கண்ணி நிற்கும், துணி கிண்ணமாகக் குழிந்திருக்கும்.

இடப்பக்கம் சாய்வதற்கு, இரண்டு கண்ணிகளையும் நிட் செய்வதுபோல ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு நகர்த்தி, இரண்டின் பின்பக்கமாக ஒரே நிட். இரண்டையும் ஒரே மூச்சில் நகர்த்தினால் கண்ணி வலப்பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்து, சங்கிலி ஓரங்களிலிருந்து பக்கத்துக்கு 16 கண்ணி எடுக்க வேண்டும். மேல்பாதத்தோடு சேரும் மூலையில் ஓட்டை விழுவதுதான் பலருக்கும் தலைவலி. அங்கே இரண்டு பக்கத்து நூலும் எதிரெதிராக இழுக்கின்றன. மூலையில் குறுக்கே கிடக்கும் நூலிலிருந்து 17ஆவது கண்ணி ஒன்றை எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பின்பக்கமாகப் பின்னி முறுக்கிவிட்டால் ஓட்டை அடைபடும்.

இப்போது அடிப்பாதத்தில் 52, மேலே 32, ஆக 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, மேல்பாதத்தை ஒட்டிய இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறைத்தால் 20 சுற்றில் மறுபடி 64. பிறகு நேராகப் போய், பாத நீளத்துக்கு இன்னும் 5 செ.மீ. மிச்சம் இருக்கும்போது விரல் பகுதியைக் குறைக்கத் தொடங்கலாம்.