சம்பலில மாசி போட்டதோ?

திருகோணமலையில் இருந்துகொண்டு மீனை விட்டு இரண்டு வருசமாகிறது. முன்பெல்லாம் பாரையா, சூடையா, இறாலா, குழம்பா, பொரியலா என்று அம்மாவோடு பேசியே காலை போய்விடும். இப்போது தம்பலகாமத்து அரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை. எந்தக் கீரை என்பதைச் சந்தையே சொல்லிவிடும். வல்லாரை என்றால் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தால் சரி, அடுப்பே தேவையில்லை. (மீன் போன இடத்தில் புரதம் வேண்டும்தானே, பயறும் கடலையும் தவறாமல் அவிக்கிறேன். பி12 சத்துக்குப் பாலும் சட்டித் தயிரும்.)

கடையில்தான் ஒரு கேள்வி மிச்சம். தொட்டுக்கொள்ளும் கட்டச்சம்பல், சீனிச்சம்பல் இரண்டிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது இங்கே வழக்கம். "அண்ணை, இதில மாசி போட்டதோ?" என்று கேட்பேன். நேற்று நான் வாய் திறக்கும் முன்பே அவர் மாசி போடாத சம்பலை எடுத்து வைத்தார். மனம் நிறைந்துவிட்டது.