ஓடும் செல்

பேருந்தின் கூரையில், செல்போன் கோபுரத்தின் சிக்னலை வாங்கிப் பயணிகளின் போன்களுக்குக் கடத்தும் ரிலே கருவியைப் பொருத்திச் சோதிக்கும் பணி வந்தபோது, அதை வெறும் ஆண்டெனா வேலை என்றுதான் நினைத்தேன். அதற்கான தேவை கண்ணெதிரே இருந்தது. வண்டிக்குள் நுழையும் சிக்னல் சராசரியாக 9 டெசிபல் குறையும் என்பது மொபைல் வலையமைப்புகளுக்கான தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கணக்கு. கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் 20 டெசிபல். அதாவது நூறில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கூரையில் ஒரு ஆண்டெனா கோபுரத்தோடு பேசட்டும், உள்ளே இன்னொன்று பயணிகளின் போன்களோடு பேசட்டும். போனில் எதையும் மாற்ற வேண்டாம்.

நிற்கும் வண்டியில் எல்லாம் அருமையாக ஓடியது. அப்புறம் வண்டி கிளம்பியது.

5ஜியில் ஒவ்வொரு செல்லுக்கும், அதாவது ஓர் ஆண்டெனா சிக்னல் தரும் பகுதிக்கும், 0 முதல் 1007 வரை ஓர் எண் உண்டு. மொத்தமே 1008தான் என்பதால், ஒரே எண் உள்ள செல்கள் அருகருகே வராதபடி பார்த்துப் பார்த்து ஒதுக்குவார்கள். ரிலே பொருத்திய எங்கள் வண்டியும் ஒரு செல்தான்; அதுவோ தன் எண்ணைச் சுமந்துகொண்டு, அதே எண் உள்ள கோபுரத்தின் பக்கத்திலேயே போய் நின்றது. போன்கள் தடுமாறின. கோபுரம் நகராது என்ற நம்பிக்கை இந்த வலையமைப்பில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று அன்றுதான் உணர்ந்தேன். போகும் இடத்துக்கு ஏற்ப எண்ணை மாற்ற ஏற்பாடு செய்தோம். அது பெரிய வேலையாக இல்லை.

என்னை உண்மையில் உலுக்கியது வேறு. சோதனை வலையமைப்பில் ஓர் அவசர அழைப்பு போட்டுப் பார்த்தோம். திரையில் விழுந்த இடம், வண்டி காலையில் புறப்பட்ட பணிமனை! செல்லைப் பதிவு செய்தபோது கொடுத்த முகவரி அது. நாங்களோ பல கிலோமீட்டர் தாண்டியிருந்தோம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருந்தால் ஆம்புலன்ஸ் எங்கே போயிருக்கும்? வேகச் சோதனையின் எண்களைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்த எங்கள் குழு அப்படியே அமைதியானது.

3ஜிபிபி தரநிலையின் வெளியீடு 18 இதற்கு வழி சொல்கிறது: போன் இருக்கும் செல்லோடு, ரிலே அந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால், வேகத்தை அளப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டியது இதைத்தான். எங்கள் பட்டியலில் அது கடைசியில் இருந்தது. மறுநாளே முதல் வரிக்கு மாற்றினேன். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்தி, திரையில் வரும் இடத்தையும் நாங்கள் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே போனோம்.