பாதிக் கான் ஒயிலும் ஒரு சொல்லும்

போன சனிக்கிழமை விடிய வானை ஸ்டார்ட் பண்ணினால் மஞ்சள் ஒயில் விளக்கு. லண்டன் ஹரோவில் பத்து மணிக்கு மணவறை கட்ட வேண்டும். பின்வளவுக் கொட்டிலில் பாதிக் கான் எஞ்சின் ஒயில் கிடந்தது ஞாபகம் வந்து, எடுத்துவந்து மூடியைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் லேபலைப் பார்த்தேன். அது பழைய வானுக்கு வாங்கியது.

பழையது 2005ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டர், 1.9 டீசல். தென் லண்டன் மிட்சமிலிருந்து எத்தனையோ கலியாணங்களுக்குக் குத்துவிளக்கும் கதிரை உறையும் சுமந்தது. 2023 ஆகஸ்ட் 29இல், புகை கூடிய பழைய வாகனங்களிடம் காசு அறவிடும் யூலெஸ் வலயம் முழு லண்டனுக்கும் வந்தது. வீதியில் இறங்கினாலே நாளுக்கு 12.50 பவுண் என்று ஆனதும், மனமில்லாமல் விற்றுவிட்டு அந்தக் காசு கட்டத் தேவையில்லாத 2017 மொடல் யூரோ 6 ட்ரான்ஸ்போர்ட்டர் ஒன்று எடுத்தேன். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். குடிக்கிற ஒயில் வேறு.

பழைய எஞ்சினில் டீசலை அமுக்கி அடிக்கிற வேலையையும், வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் என்ற தண்டுதான் செய்யும். அந்த அமுக்கம் முழுவதும் தண்டில் இருக்கிற கேம் என்ற புடைப்பின் முதுகில்தான். அது தேயாமல் இருக்கத்தான் கொம்பனி 505 01 என்ற ஒயில் தர நம்பரை வைத்தது. புதியதில் அந்தப் பாரம் இல்லை. அதற்குப் பதிலாகப் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடி இருக்கிறது. வடியில் சேரும் கரியை எஞ்சினே 600 பாகை அளவில் சூடாக்கி எரித்துவிடும். ஒயிலில் உள்ள கல்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்து வரும் சாம்பலை ஒன்றும் செய்ய முடியாது. விறகடுப்பு ஊதிய வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், சாம்பல் திரும்ப எரியாது, அள்ளத்தான் வேண்டும். இந்த வடியில் அள்ளுவதென்றால் கழற்ற வேண்டும். அது சின்னக் காசு இல்லை.

அதனால்தான் இந்த வானுக்கு 507 00 என்ற நம்பர். அது சேருவது சி3 என்ற ஐரோப்பிய ஒயில் வகையில்; அதில் சாம்பல் 0.8 வீதத்தைத் தாண்டக் கூடாது. என் பாதிக் கானின் பின்பக்கத்தில் இருந்ததோ ஏ3/பி4 என்ற இன்னொரு வகை. அந்த வகையில் 1.6 வீதம் வரை போகலாம். மூடியைத் திரும்பப் பூட்டினேன்.

கலியாண வீட்டுக்குப் போன் அடித்து அரை மணித்தியாலம் பிந்தும் என்று சொல்லிவிட்டு, உதிரிப்பாகக் கடைக்கு நடந்தேன். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கான். இரண்டும் 5டபிள்யூ-30 தடிப்பு, இரண்டும் சி3, இரண்டிலும் 507 00 இருக்கிறது. விலையில் மட்டும் பதினொரு பவுண் வித்தியாசம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மலிந்ததில் '507 00 தேவைகளுக்கு ஏற்றது'. மற்றதில் '507 00 அங்கீகாரம்'. முதலாவது, ஒயில் செய்தவர் தானே சொல்லிக்கொள்வது. இரண்டாவது, வொக்ஸ்வாகன் கேட்ட சோதனைகளுக்கு ஒயிலைக் கொடுத்து அவர்களிடம் வாங்கிய அனுமதி. சோதினை எழுதிப் பாசானவனும், எழுதினால் பாசாவேன் என்பவனும் மாதிரி. மலிந்தது கூடாத ஒயில் என்று நான் சொல்ல வரவில்லை, நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் பதினொரு பவுணுக்காக என் வானை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கடைப் பெடியன் தமிழ்தான். "அண்ணை, இதைக் கொண்டுபோங்கோ, 509 00, புது நம்பர், இன்னும் நல்லம்" என்றான். அது 0டபிள்யூ-20, தண்ணி மாதிரி மெல்லிய ஒயில், அடையாளத்துக்குப் பச்சைச் சாயமும் போட்டிருப்பார்கள். அதற்கென்று கட்டிய எஞ்சினுக்குத்தான் அது சரி. நம்பர் கூடினால் தரமும் கூடும் என்ற கணக்கு இங்கே சரிவராது. வானோடு வந்த புத்தகத்தில் என்ன நம்பர் இருக்கிறதோ அதுதான். "தம்பி, எனக்கு 507 தா" என்றேன். சிரித்தான்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் சகலனுக்கு இந்தத் தலையிடி குறைவு. அவரிடம் மெர்சிடிஸ் வீட்டோ வான். அதற்குரிய 229.51, 229.52 நம்பர்களில் எந்தெந்த ஒயிலுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று கொம்பனியே இணையத்தில் பட்டியல் போட்டிருக்கிறது. கானின் பேர் அதில் இருந்தால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த கான். ஜெர்மனிக்குப் போய் ஜெர்மன்காரர் ஆகிவிட்டார் என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

இரண்டு வருசம் மாற்றத் தேவையில்லாத லோங்லைஃப் கணக்கை மட்டும் நான் கேட்பதில்லை. என் ஓட்டம் மிட்சம், டூட்டிங், குரொய்டன் என்று கிட்டக்கிட்ட. வடி கரியை எரித்து முடிக்க முதலே எஞ்சினை நிறுத்திவிடுகிறேன். கரியை எரிக்கவென்று மேலதிகமாக அடித்த டீசலில் கொஞ்சம் ஒயிலுக்குள் இறங்கி அதை ஐதாக்கும். ஒயில் பார்க்கும் குச்சியில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோசப்படக் கூடாது. வருசத்துக்கு ஒருக்கா மாற்றுகிறேன்.

மணவறை பதினொன்றே காலுக்குத்தான் எழும்பியது. நல்ல காலம், மாப்பிள்ளை வீட்டார் அதைவிடப் பிந்தினார்கள். பாதிக் கானை லூட்டனில் பழைய 1.9 வைத்திருக்கும் ஒருவர் இந்த ஞாயிறு வந்து எடுக்கிறேன் என்றார்.