உள்ளங்கையில் டூட்டி

"சிஸ்டர், நேத்து ராத்திரியும் நீங்கதானே இருந்தீங்க?"

"ஆமாங்ண்ணா. வர வேண்டிய புள்ளைக்குக் காய்ச்சலுங்க. அதான் ரெண்டு டூட்டி சேர்த்து."

ஈரோட்டில் அம்மாவைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரி. அந்த நர்ஸின் இடது உள்ளங்கை முழுக்க நீலப் பேனாவில் பெட் நம்பரும் ஊசி நேரமும். வியர்வையில் ஒன்று கலங்கிவிட்டது. 6-ஆ 8-ஆ என்று டியூப்லைட் வெளிச்சத்தில் கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் போய் நோட்டைப் புரட்டிவிட்டு வந்துதான் ஊசி போட்டார்.

இப்படி ஓய்ந்துபோகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க மெஷின் லேர்னிங்கை, அதாவது பழைய பதிவுகளிலிருந்து கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு கணிக்கும் முறையை, முயன்று பார்க்கிறார்கள். யார் எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டரில் நுழைந்தார், டூட்டி முடிந்த பிறகும் எவ்வளவு நேரம் நோயாளி விவரம் பதிந்தார், தொடர்ந்து எத்தனை நைட் பார்த்தார் என்பதையெல்லாம் வைத்து ஆபத்தைக் கணிக்கும்.

ஆபத்து என்றால் சும்மா அலுப்பு இல்லை. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தால், 35-40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் 2021-ல் சொல்லியிருக்கின்றன.

சரி, டூட்டி சார்ட்டையே நோட்டில் கோடு போட்டு எழுதும் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் எதைப் பார்த்துக் கணிக்கும்? நேற்றைய இரட்டை டூட்டி அந்த நோட்டில்கூட ஏறியிருக்குமா, சந்தேகம்தான்.

அப்படியே கணித்தாலும் பட்டியல் யார் கைக்குப் போகும்? 'இந்தப் பொண்ணு தாங்காது' என்று வேலையை விட்டு நிறுத்தவும் அதே பட்டியல் போதுமே. கூட ஓர் ஆளைப் போடுவார்கள் என்றால் மட்டும் கொண்டுவரட்டும்.