கையுறையோடு கழற்ற முடியுமா?

நான் ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் பிரிவான இ.எம்.இ.யில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். கடையில் விற்கும் சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று படைக்கு ஒத்துவருமா என்று பார்த்த ட்ரையலில் நானும் இருந்தேன். வண்டியைக் கம்பெனி தன் செலவில் கொண்டுவர வேண்டும். தேறாவிட்டால் ராணுவம் ஒரு பைசா தராது.

முதலில் கோடை, ராஜஸ்தானில் மகாஜன் ரேஞ்ச். டயர் காற்றை 28 பாயிண்டிலிருந்து 16-க்கு இறக்கி மணலில் விட்டோம். மாருதி ஜிப்சி மாதிரி எடை குறைந்த வண்டி. லாரி புதையும் மேட்டில் லேசாக ஏறிவிட்டது. சாயங்காலம் ஏர் ஃபில்டரைத் தட்டினால் சலித்த மாவு போல மணல் கொட்டும்.

இரவு ஓட்டத்தில்தான் முதல் அடி. படை வண்டிகள் இருட்டில் வரிசையாகப் போகும்போது ஹெட்லைட் கிடையாது. முன்வண்டியின் பின் அச்சு நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் வெள்ளை அடித்து, அதன்மேல் ஒரு குட்டி பல்பு எரியும். பின்னால் வருபவருக்கு அதுதான் வழிகாட்டி. நாங்களும் வெள்ளை அடித்து, பல்பு மாட்டி, எல்லாம் சரி என்று நினைத்தோம். டிரைவர் இறங்கக் கதவைத் திறந்தார். உள்ளே பளிச்சென்று விளக்கு எரிந்தது! வீட்டு வண்டிக்கு அது வசதி. எல்லையில் அந்த ஒரு வெளிச்சம் உயிரை வாங்கிவிடும்.

அடுத்து லடாக், குளிர்காலம். லே 3,500 மீட்டர் உயரம், காற்று மெலிந்திருக்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் மணலும் ஏற்றமும் பாதிப் பரீட்சைதான். வழியில் நின்றுபோன வண்டியை, விறைத்த கையோடு ஒரு ஜவான் சரிசெய்ய முடியுமா என்பதுதான் இ.எம்.இ.யின் கேள்வி.

விடியற்காலை ஃபியூயல் ஃபில்டர் மாற்றச் சொன்னார்கள். வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் அண்ணன் கையில் கடிகாரத்தோடு நின்றார்.

"கையுறையைக் கழட்டாமப் பாரு தம்பி."

"ஸ்பேனரே உள்ள போகலண்ணே."

ஃபில்டரைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்று பேட்டரித் தட்டுக்கு அடியில். விரல் நுழைய இடமில்லை. கையுறையைக் கழற்றினேன், ஈர விரல் இரும்போடு ஒட்டிக்கொண்டு தோல் உரிந்தது. மொத்தம் 40 நிமிடம். அண்ணன் அப்படியே எழுதிக்கொண்டார். கம்பெனியிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் வாதாடவில்லை. குனிந்து அந்த போல்ட் இருந்த இடத்தைப் படம் வரைந்துகொண்டார். அவர்மேல் இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

பிறகு ஃபில்டரைத் தாங்கும் பிராக்கெட்டை மேலே தூக்கி வைத்துக் கொண்டுவந்தார்கள். கையுறையோடே 12 நிமிடத்தில் மாற்றினேன். அண்ணன் தன் கையுறைக் கையை உள்ளே விட்டு, போல்ட்டை ஒரு தரம் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.